அண்ணாச்சியின் கடன் நோட்டு: என் யூஎக்ஸ் இன்டர்ன்ஷிப் அனுபவம்

விஸ்காம் முடித்த கையோடு கோயம்புத்தூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் யூஎக்ஸ் டிசைன் இன்டர்னாகச் சேர்ந்தேன். யூஎக்ஸ் என்றால் யூசர் எக்ஸ்பீரியன்ஸ், பயன்படுத்துபவரின் அனுபவம். ஆறு மாதம். மாதம் பத்தாயிரம் ரூபாய் ஸ்டைபெண்ட். மளிகைக் கடைக்காரர்கள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் கடனைக் குறித்துவைக்க ஒரு ஆப் செய்துகொண்டிருந்தார்கள். அதில் எனக்குக் கொடுத்த வேலை, புதுக் கணக்கு தொடங்குவதிலிருந்து முதல் கடனை எழுதுவது வரை உள்ள ஸ்கிரீன்களைச் சரிசெய்வது.

இப்போது ஜூனியர்கள் போன் பண்ணி, "அக்கா, அங்க என்ன கத்துக்கிட்டீங்க? ஃபிக்மால எதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்?" என்று கேட்கிறார்கள். ஃபிக்மா ஸ்கிரீன் வரைகிற மென்பொருள், அதை வீடியோ பார்த்தே ஒரு மாதத்தில் பழகிவிடலாம். நான் கற்றதில் பெரும்பகுதி ஒரு மளிகைக் கடையின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு நீள நோட்டிலிருந்து வந்தது. அதனால் அந்த நோட்டிலிருந்தே சொல்கிறேன்.

முதல் மூன்று வாரம் நான் ஆபீஸை விட்டு நகரவே இல்லை. இதே மாதிரி ஆப்கள் நான்கைந்தை இறக்கிப் பார்த்தேன், நல்லதாகப் பட்டதை எடுத்துக்கொண்டேன், பதினான்கு ஸ்கிரீன் வரைந்தேன். வெள்ளைப் பின்னணி, மெல்லிய சாம்பல் எழுத்து, ஓரம் வளைந்த பட்டன்கள். என் சீனியர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவங்க இப்ப கடனை எப்படி எழுதுறாங்கன்னு பாத்தியா?" பார்க்கவில்லை. "அப்ப நாளைக்கு ஒரு கடையில போய் ரெண்டு மணி நேரம் உக்காரு. ஆப்பைப் பத்திப் பேசாத. போனைக்கூட வெளிய எடுக்காத."

சிங்காநல்லூர் பக்கம் ஒரு கடை. அண்ணாச்சிக்குத் தூத்துக்குடி பக்கம் ஊர், கோவைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்டேன். "இரி தாயி, அந்த ஸ்டூல்ல இரி" என்றார். சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். ஆறரைக்குப் பிறகு கடை முன்னால் கூட்டம் நின்றது. ஒரு கை தராசில், இன்னொரு கை பொட்டலத்தில். தேங்காய் எண்ணெய் ஊற்றின கையை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டே அடுத்தவருக்குத் துவரம்பருப்பு அள்ளுகிறார். "அண்ணாச்சி, கணக்குல எழுதிக்கங்க" என்று ஒரு குரல். சணல் கயிற்றில் தொங்கும் பேனாவை எடுக்கிறார், நோட்டைப் புரட்டுகிறார், ஒரு எண் எழுதுகிறார், அடுத்த ஆளைப் பார்க்கிறார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டேன். ஏறக்குறைய ஏழு விநாடி.

மறுநாள் அதே வேலையை எங்கள் ஆப்பில் நானே செய்து பார்த்தேன். நாற்பத்தெட்டு விநாடி. அதுவும் மேசையில் உட்கார்ந்து, இரண்டு கையும் சும்மா இருக்கும்போது.

கூட்டம் குறைந்ததும் அண்ணாச்சி நோட்டை என் கையில் கொடுத்தார். அந்த அரைமணி நேரத்தில்தான் எனக்கு இந்தத் தொழிலே புரிந்தது என்று சொல்வேன். பக்கத்துக்கு ஒரு வாடிக்கையாளர். தலைப்பில் பெயர் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது: "பச்சை கேட்", "டெய்லர்", "மூணாம் நம்பர் அக்கா", "பல்லடத்துக்காரர்", "லைன் வீடு – கடைசி". பாதிப் பேரின் பெயர் அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் ஆப்போ முதல் ஸ்கிரீனிலேயே முழுப் பெயரும் பத்து இலக்க மொபைல் நம்பரும் கேட்டது. இரண்டும் இல்லாமல் அடுத்த ஸ்கிரீனுக்குப் போக முடியாது. ஏழு பேர் வரிசையில் நிற்கும்போது "பச்சை கேட்" அக்காவிடம் போன் நம்பர் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எண்ணெய்க் கையோடு தட்டிக்கொண்டிருக்க முடியுமா?

சில பக்கங்களின் மூலை மடிக்கப்பட்டிருந்தது. "அது சனிக்கிழமை ஆளுங்க" என்றார். வாரக்கூலி வாங்குபவர்கள், சனிக்கிழமை மாலை வந்து தீர்ப்பார்கள். மடிக்காத பக்கங்கள் மாதச் சம்பளக்காரர்கள். பணம் வந்துவிட்டால் அந்த வரிகளின் மேல் குறுக்கே சிவப்புப் பேனாவில் ஒரு கோடு. சில வீட்டுக்காரர்கள் கையில் சின்ன பாக்கெட் நோட்டு ஒன்று இருக்கும், இவர் எழுதும் அதே தொகையை அதிலும் எழுதிக் கொடுப்பார். மாதக் கடைசியில் இரண்டு நோட்டும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு அதுதான் சாட்சி.

வகைப்படுத்துதல், தேடுதல், தீர்ந்த கணக்கைப் பிரித்தல், இரண்டு பக்கமும் சரிபார்த்தல் என்று நாங்கள் அறையில் வெள்ளைப் பலகையில் எழுதி விவாதித்துக்கொண்டிருந்த எல்லாவற்றுக்கும் அந்த நோட்டில் விடை இருந்தது. இருபது வருடம், தினமும், நெருக்கடியில் பயன்படுத்திப் பயன்படுத்தித் திருத்தின டிசைன் அது. புதிதாக ஒரு ஆப்பில் வேலைக்குச் சேருபவர்களுக்கு என் முதல் யோசனை: அந்த ஆப் எதை மாற்றப்போகிறதோ, அதை முதலில் கையில் வாங்கிப் பாருங்கள். நோட்டோ, டைரியோ, சுவரில் ஒட்டிய சீட்டோ, வாட்ஸ்அப் குரூப்போ, ஏதோ ஒன்று கட்டாயம் இருக்கும். அதில் மடிப்பு, அடித்தல், ஓரக் குறிப்பு எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் ஒரு தேவை இருக்கிறது.

டிசைன் அறிஞர் டான் நார்மன் 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது தன் பதவிப் பெயரிலேயே 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்று வைத்துக்கொண்டார். இன்டர்ஃபேஸ், யூசபிலிட்டி போன்ற சொற்கள் அவருக்குக் குறுகலாகப் பட்டன. ஒரு பொருளோடு மனிதருக்கு நேரும் எல்லாமே அதில் அடங்க வேண்டும் என்றார். கல்லூரியில் இதைப் பரீட்சைக்காகப் படித்தேன். சணல் கயிற்றில் கட்டின பேனாவும் எண்ணெய்க் கையும் வரிசையில் நிற்பவரின் அவசரமும் அந்த 'எல்லாம்' என்பதற்குள் வரும் என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

அடுத்து, சோதனை. ஐந்து கடைகள் போதும் என்றார் சீனியர். ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993இல் போட்ட கணக்கிலிருந்து வந்த எண் அது. ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் ஏறக்குறைய 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று நீல்சன் பிறகு எழுதினார். அந்த ஐந்து பேரும் ஒரே வகைப் பயனர்களாக இருந்தால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். இதை நான் கவனிக்காமல் விட்டேன், அதன் விலையைக் கீழே சொல்கிறேன்.

முதல் சோதனையில் நான் செய்த தவறு, கேள்வியிலேயே விடையைச் சொன்னது. "புதிய வாடிக்கையாளரைச் சேருங்க அண்ணாச்சி" என்றேன். ஸ்கிரீனில் "புதிய வாடிக்கையாளர்" என்றே பட்டன் இருந்தது. அவர் அதைத் தேடி அழுத்தினார், நான் மகிழ்ந்துபோனேன். வீடியோவைப் பார்த்த சீனியர், "எழுத்தைப் பொருத்திப் பாத்தாரு, அவ்வளவுதான்" என்றார். அடுத்த கடையிலிருந்து கேள்வியை மாற்றினேன்: "எதிர்வீட்டுக்குப் புதுசா குடிவந்தவங்க அரிசி வாங்கிட்டு, சம்பளம் வந்ததும் தர்றேங்கறாங்க. என்ன பண்ணுவீங்க?" அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கக் கூடாது. இது மிகக் கஷ்டம். நம்மைவிட இரண்டு மடங்கு வயதானவர் ஒரு போனை வைத்துக்கொண்டு திணறும்போது "இங்க அழுத்துங்க" என்று கை தானாக நீளும். மனதுக்குள் பத்து வரை எண்ணப் பழகினேன். அந்தப் பத்து விநாடியில்தான் அவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

அப்படி வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு பொழுதில்தான் 'சேமி' பிரச்சினை வெளியே வந்தது. தொகையை எழுதி முடித்த அண்ணாச்சி கடைசி பட்டனைப் பார்த்தார். அழுத்தவில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மறுபடி பார்த்தார். எட்டு, ஒன்பது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். "ஏ தாயி, இது சீட்டு மாதிரியா? எம்புட்டு ரூவா சேமிக்கணும்?" என்றார். ஆங்கிலத்து 'சேவ்' என்பதற்கு அகராதிச் சொல்லாக 'சேமி' போட்டிருந்தோம். கணினியில் பழகினவர்களுக்கு அது சரி. வாழ்நாள் முழுக்கப் பணத்தோடு புழங்கும் ஒருவருக்குச் சேமிப்பு என்றால் போஸ்ட் ஆபீஸும் சீட்டும்தான். கடன் எழுதுகிற இடத்தில் சேமிப்பு எதற்கு வந்தது என்று அவர் தயங்கியதில் எந்தத் தவறும் இல்லை.

அன்றிரவு ஆப்பில் இருந்த நூற்றுச் சொச்சம் சொற்றொடர்களையும் எடுத்து ஒரு தாளில் எழுதினேன். எதிரே, கடையில் நான் காதால் கேட்ட சொல். "புதிய வாடிக்கையாளர்" என்பது "புது ஆள்" ஆனது. "நீங்கள் கொடுத்தீர்கள்", "நீங்கள் பெற்றீர்கள்" என்று இரண்டு பட்டன்கள் இருந்தன. கொடுத்தது அரிசியா பணமா, கொடுத்தது யார் என்று ஐந்து கடையிலும் குழம்பினார்கள். அவை "கடன்", "வரவு" ஆயின. 'சேமி' இருந்த இடத்தில் வாடிக்கையாளர்கள் தினமும் சொல்லும் சொல்லையே வைத்தோம்: "கணக்குல எழுது". பேச்சுத்தமிழா, எழுத்துத்தமிழா என்று ஆபீஸில் ஒரு முழு மதியம் வாதம் நடந்தது. எழுத்துத்தமிழ்தான் கண்ணியம் என்று ஒருவர் சொன்னார், அவர் கவலை எனக்குப் புரிந்தது. எனக்குத் தோன்றிய முடிவு இது: பட்டனில் கடையின் சொல் இருக்கட்டும், எச்சரிக்கையும் விதிமுறையும் எழுத்துத்தமிழில் இருக்கட்டும். அப்படியே செய்தோம். அடுத்த சுற்றில் அந்த பட்டனில் யாரும் தயங்கவில்லை.

இங்கே தமிழில் டிசைன் செய்பவர்களுக்காகக் கொஞ்சம் நுணுக்கம். ஸ்கிரீனை ஆங்கிலத்தில் வரைந்து, மொழிபெயர்ப்பைக் கடைசியில் ஊற்றுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தமிழ் அந்தப் பெட்டிக்குள் அடங்காது. நீளம் மட்டும் காரணமில்லை, உயரமும்தான். 'கி', 'ணீ' மேலே போகும், 'ழு', 'மூ' கீழே இறங்கும். எழுத்தளவு 14க்கு வரி உயரம் 18 என்று ஆங்கிலத்துக்கு வைத்திருந்ததில், சில போன்களில் மெய்யெழுத்தின் புள்ளி வெட்டுப்பட்டது. "கடன்" என்பது "கடன" என்று நின்றது. புள்ளி போனால் சொல்லே போயிற்று. வரி உயரத்தை 22 ஆக்கினதும் சரியானது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டையும் வைத்துப் பார்த்தோம், எண்கள் தெளிவாகத் தெரிகிற ஒன்றைக் கடைக்காரர்களே தேர்ந்தெடுத்தார்கள். தொகையை 1,00,000 என்று நம் ஊர் வழக்கப்படி பிரித்துக் காட்டுகிறதா, 100,000 என்று காட்டுகிறதா என்பதையும் பாருங்கள். கணக்கு ஆப்பில் இந்தக் காற்புள்ளி இடம் மாறினால் அந்த நொடியே நம்பிக்கை போய்விடும்.

என் மெல்லிய சாம்பல் எழுத்துக்கு என்ன ஆனது? பகல் பன்னிரண்டு மணிக்குக் கடை வாசலில் போனைப் பிடித்தேன், ஒன்றும் தெரியவில்லை. நான் வைத்திருந்த சாம்பலின் நிறக் குறியீடு #999999. வெள்ளைப் பின்னணியில் அது தரும் மாறுபாடு 2.85க்கு 1 மட்டுமே. எல்லோரும் படிக்கும்படி திரைகளை அமைப்பதற்கான சர்வதேச வழிகாட்டி டபிள்யூசிஏஜி, சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5க்கு 1. சாம்பல்தான் வேண்டும் என்றால் #767676 வரை போகலாம், அதற்கு மேல் வெளுக்கக் கூடாது. நாங்கள் கறுப்புக்கே போய்விட்டோம். பட்டன் அளவும் அப்படித்தான், ஆண்ட்ராய்டுக்கு கூகுள் சொல்லும் 48 டிபி (திரையில் அளக்கும் அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர், என்பது குறைந்தபட்சம். எண்ணெய்க் கைக்கு அதைவிடப் பெரிதாக வையுங்கள்.

நிறத்தில் இன்னொன்று. வர வேண்டிய கடன் சிவப்பு, தீர்ந்தது பச்சை என்று வைத்திருந்தேன். அண்ணாச்சி சிவப்பாகத் தெரிந்த வரிகளை எல்லாம் தாண்டித் தாண்டிப் போனார். அவர் நோட்டில் சிவப்புக் கோடு என்றால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தம் அல்லவா! பிறகு தீர்ந்த வரியின் மேலே குறுக்குக் கோடு போட்டோம், நோட்டில் இருப்பது போலவே. நிறத்தை நம்பாமல் கோட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அது உதவும்.

இப்போது அந்த ஐந்து பேர் கணக்கு. ஐந்து கடையிலும் நான் பார்த்தது ஆண்களை மட்டும். நோட்டில் இரண்டு விதக் கையெழுத்து இருந்ததைக் கண்ணால் பார்த்தும் கேட்காமல் விட்டிருந்தேன். நான்காவது மாதம் ஒரு மதியம் போனபோது கடையில் அண்ணாச்சியின் மனைவி இருந்தார். அண்ணாச்சி மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். "ஒரு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் நாந்தான்" என்றார் அக்கா. அவர் போனில் ஆப்பைத் திறந்தோம். ஓடிபி கேட்டது. ஓடிபி போனது, எண்ணெய் மண்டியில் நின்றுகொண்டிருந்த அண்ணாச்சியின் சட்டைப்பைக்கு. அக்கா ஒரு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்து எழுதிவிட்டார். கடையின் கணக்கில் ஏறக்குறைய பாதியை எழுதும் ஒருவரை எங்கள் ஆப் வாசலிலேயே நிறுத்தியிருந்தது. அந்த மதியம் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஒரே கடைக்கு இரண்டு போன் என்ற வசதியைப் பட்டியலின் கடைசியிலிருந்து மேலே கொண்டுவர நான் போராடியதற்கு அதுவே காரணம். கடைக்குப் போகிறவர்கள் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் போங்கள்.

போராட்டம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடன் பாக்கி இருப்பவர்களுக்கு ஆப்பே குறுஞ்செய்தி அனுப்பும் வசதி ஒன்று இருந்தது. கடைக்காரர் தொடாமலேயே அது இயங்கும் நிலையில் வெளியிடுவது என்று முடிவு. எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் "சரியாகப் படவில்லை" என்று ஒரு இன்டர்ன் சொன்னால் யாரும் நின்று கேட்க மாட்டார்கள். அண்ணாச்சியிடம் கேட்டேன். "நான் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்ல தாயி. நோட்டைத் தொறந்து வச்சிக்கிட்டு முகத்தப் பாப்பேன், அவிய தந்துருவாவ. மெசேஜ் போச்சுன்னா அவிய மானம் போச்சு, மறுநாள் அடுத்த கடைக்குப் போயிருவாவ" என்றார். இந்த ஒன்றரை நிமிடப் பேச்சை, அவர் அனுமதியோடு, கூட்டத்தில் அப்படியே ஓடவிட்டேன். உடனே மாறவில்லை. இரண்டு வாரம் கழித்து, கடைக்காரரே இயக்கினால் மட்டும் போகும்படி மாற்றினார்கள். கருத்தைச் சொல்லும்போது பயனரின் குரலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெவலப்பர்களோடு முதல் வாரமே போய் உட்காருங்கள். நான் மூன்றாவது மாதம்தான் போனேன். தகரக் கூரைக் கடையில் நெட் விட்டுவிட்டு வருகிறது, எழுதின கடன் காணாமல் போகிறது என்று நான் நான்கு ஸ்கிரீனில் எச்சரிக்கை வரைந்துகொண்டிருந்தேன். டெவலப்பர் அண்ணன் பார்த்துவிட்டு, "போன்லயே எழுதி வச்சிட்டு நெட் வந்ததும் அனுப்பிடலாம்மா, எச்சரிக்கையே வேணாம்" என்றார். ஐந்து நிமிடப் பேச்சு, ஒரு வார வேலை மிச்சம். அதோடு, நல்ல நாளின் ஸ்கிரீனை மட்டும் வரைந்து கொடுக்காதீர்கள். ஒரு கணக்கும் இல்லாதபோது, நெட் இல்லாதபோது, பெயர் மூன்று வரி நீளும்போது என்ன தெரியும் என்பதையும் வரையுங்கள். இல்லையென்றால் அதை டெவலப்பர் ராத்திரி பதினோரு மணிக்குத் தானாக முடிவுசெய்ய வேண்டிவரும்.

இன்டர்ன்ஷிப் தேடுபவர்கள் நேர்முகத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: என் வேலையை யார் பார்த்துத் திருத்துவார், பயனர்களைப் பார்க்க அனுப்புவீர்களா, நான் செய்ததைப் போர்ட்ஃபோலியோவில் எந்த அளவு காட்டலாம். சம்பளமே இல்லாத இன்டர்ன்ஷிப்புக்குப் போகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரம் எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று அரைப் பக்கம் எழுதிவைத்தேன். பிறகு வேலை தேடிப் போன இடத்தில் அழகான ஸ்கிரீன்களை இரண்டு நிமிடம்தான் பார்த்தார்கள். 'சேமி' எப்படி "கணக்குல எழுது" ஆனது என்பதை அரைமணி நேரம் கேட்டார்கள்.

கடைசி வாரம் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். சாயங்காலக் கூட்டத்தில், பெயருக்குப் பதில் "பச்சை கேட்" என்று அண்ணாச்சியின் மனைவி மைக்கில் சொல்லித் தேடி, தொகையைத் தட்டி எழுதினார். பதினொரு விநாடி. நோட்டின் ஏழு விநாடியை நாங்கள் தொடவில்லை.

அன்று விடைபெறும்போது அண்ணாச்சி நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஊரைவிட்டுப் போனவர்கள், இறந்துபோனவர்கள், இனி கேட்கவே போவதில்லை என்று அவர் முடிவுசெய்தவர்கள். ஒன்பது பெயர். கோடு போட்டு அடிக்கவும் இல்லை, கூட்டித் தொகை போடவும் இல்லை. "இத உங்க ஆப்ல எங்கன எழுதுவ?" என்று கேட்டார். எங்களிடம் இரண்டே வகைதான் இருந்தன: பாக்கி, தீர்ந்தது. அவர் அனுமதியோடு பெயர்களை மறைத்து அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, எனக்கு அடுத்து வரும் இன்டர்னுக்கான கோப்பில் முதல் பக்கமாக வைத்துவிட்டு வந்தேன்.